முகம் தெரியாத காதலும் முகவரி இல்லாத மோசடியும்

மும்பையில் 80 வயது முதியவர் ஒருவர் ஏறக்குறைய 9 கோடி ரூபாயைப் பறிகொடுத்தார். திருடன் யாரும் வீடு புகவில்லை. கத்தியைக் காட்டி யாரும் மிரட்டவில்லை. 2023 ஏப்ரலில் பேஸ்புக்கில் ஒரு பெண்ணின் பெயரில் தொடங்கிய நட்பு, 21 மாதங்களில் 734 தடவை அவர் கையாலேயே பணம் அனுப்ப வைத்தது. 2025 ஆகஸ்டில் இந்த விவகாரம் பத்திரிகைகளில் வெளிவந்தது.

கதையில் வந்த பெண்கள் நால்வர். முதல் பெண் கணவனைப் பிரிந்து பிள்ளைகளோடு இருப்பதாகச் சொன்னாள். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று பணம் கேட்டாள். இரண்டாவது பெண் அவளுக்குத் தெரிந்தவளாம். மூன்றாவது பெண் தங்கை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அக்காள் இறந்துபோனாள், ஆஸ்பத்திரிக் கடனைக் கட்ட வேண்டும் என்றாள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டலும் வந்தது. பிறகு நான்காவது பெண். சேமிப்பு தீர்ந்ததும் பெரியவர் மருமகளிடம் 2 லட்சம் கடன் வாங்கினார். அடுத்து மகனிடம் 5 லட்சம் கேட்டார். மகன் எதற்கு என்று கேட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

நால்வரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று போலீசார் சந்தேகித்தனர். அதாவது, ஒரு பெண்ணைக் காதலித்து, அவள் மரணத்துக்காக அழுது, அவள் தங்கைக்கு உதவி செய்த மனிதர், இத்தனையையும் ஒரே ஆசாமியிடம் செய்திருக்கக் கூடும்.

'வயதான காலத்தில் இந்த ஆளுக்கு ஏன் இந்தப் புத்தி?' என்று கேட்பது சுலபம். அவருக்கு முதுமையின் மறதி நோய் இருந்ததாகவும் செய்தி வந்தது. ஆனால் மறதி நோய் எதுவும் இல்லாதவர்களும், கணக்கு வழக்குத் தெரிந்தவர்களும், மேல்படிப்புப் படித்தவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2022-ம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 70 ஆயிரம் பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்தனர். அவர்கள் இழந்ததாகச் சொன்ன தொகை 130 கோடி டாலர். பிரிட்டனில் இந்த மோசடியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த மோனிகா விட்டி என்ற மனோதத்துவப் பேராசிரியை, ஏமாந்தவர்களில் நடுத்தர வயதும் நல்ல படிப்பும் உள்ள பெண்கள் அதிகம் இருப்பதை 2018-ல் எழுதினார். புத்திக் குறைவு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

ரயில் சிநேகம்

முகம் தெரியாதவரிடம் மனம் திறப்பது இன்டர்நெட் வந்து கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை. மும்பையிலிருந்து நாகர்கோவில் போகும் எக்ஸ்பிரசில் ஒரு ராத்திரி பயணம் செய்தால் போதும். புனே தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர் தன் தம்பியோடு உள்ள சொத்துத் தகராறைச் சொல்லிவிடுவார். ராய்ச்சூர் வருவதற்குள் மகளின் வரன் நின்றுபோன கதை வந்துவிடும். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததை, பெயர்கூடக் கேட்காத ஒருவரிடம் சொல்கிறார். காரணம் எளிது. இறங்கிப் போனால் மறுபடி பார்க்கப் போவதில்லை. சொன்னது ஊருக்குத் திரும்பி வராது.

சிக் ரூபின் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் இதைச் சோதித்தே பார்த்தார். பாஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளிடம், கையெழுத்து மாதிரி வேண்டும் என்று சொல்லி, தங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி கேட்கச் செய்தார். கேட்க வந்தவர் முதலில் தன்னைப் பற்றி எழுதிக் காட்டுவார். அவர் எந்த அளவு அந்தரங்கத்தை எழுதினாரோ, பயணியும் அந்த அளவுக்குத் தன் அந்தரங்கத்தை எழுதினார். 1975-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. காதல் மோசடிக்காரனின் முதல் வேலையும் இதுதான். 'என் மனைவி புற்றுநோயில் இறந்துவிட்டாள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை' என்று அவன் முதலில் தன் பையைத் திறந்து காட்டுகிறான். எதிரில் இருப்பவர் தன் பையைத் திறக்கிறார்.

ஒரே ஒரு வித்தியாசம். ரயில் சிநேகிதர் ஸ்டேஷன் வந்தால் இறங்கிவிடுவார். செல்போனில் வந்தவர் இறங்குவதில்லை. காலையில் 'சாப்பிட்டாயா?', இரவில் 'தூங்கிவிட்டாயா?' என்று மாதக்கணக்கில் கூடவே வருகிறார். அந்நியரிடம் உள்ள தைரியமும் சொந்தக்காரரிடம் உள்ள உரிமையும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

யார் குரல் கேட்கிறது?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள ரைடர் பல்கலைக்கழகத்தின் ஜான் சூலர், 2004-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மனிதனுக்குக் கூச்சம் ஏன் கழன்றுபோகிறது என்று அவர் ஆராய்ந்தார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை என்று அவர் சொன்ன காரணங்கள் யாரும் ஊகிக்கக் கூடியவைதான். ஒரு காரணம் மட்டும் நின்று யோசிக்க வேண்டியது. எழுத்தில் வந்த செய்தியைப் படிக்கும்போது, படிக்கிறவர் மனதுக்குள் அது ஒரு குரலாக ஒலிக்கிறது. அந்தக் குரல் எப்படிப்பட்டது? கனிவா, கம்பீரமா, குறும்பா? அதை முடிவு செய்வது எழுதியவன் இல்லை. படிக்கிறவரே தமக்குப் பிடித்த குரலை அதற்குக் கொடுத்துவிடுகிறார். சிறிது காலத்தில் அந்த ஆள் வெளியே இருப்பவராகத் தோன்றாமல், தன் மனதுக்குள்ளேயே குடியிருப்பவராக ஆகிவிடுகிறார்.

இதற்கு முன்பே 1996-ல் ஜோசப் வால்தர் என்பவர், எழுத்து வழியே பழகுகிறவர்களுக்கு நேரில் பழகுகிறவர்களைவிட அதிக நெருக்கம் ஏற்படக் கூடும் என்று சொல்லியிருந்தார். எழுதுகிறவன் தன் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுகிறான். அழித்து, திருத்தி, யோசித்து அனுப்புகிறான். படிக்கிறவர் இடைவெளிகளைத் தம் ஆசையால் நிரப்பிக்கொள்கிறார். நேரில் பழகினால் பல்லில் வெற்றிலைக் கறையும், ஓட்டல் சர்வரை அவன் அதட்டும் விதமும் கண்ணில் பட்டுவிடும். எழுத்தில் அதெல்லாம் வராது. கல்யாணமான தம்பதிகளுக்குக் கூட இத்தனை பழுதில்லாத துணை கிடைப்பதில்லை!

ஆகவே ஏமாந்தவர் காதலித்தது பாதி, தானே செய்த உருவத்தை. மோசடிக்காரன் கொடுத்தது கொஞ்சம் சட்டமும் துணியும்தான். உயிர் கொடுத்தவர் ஏமாந்தவர். 'அது பொய்' என்று மகனோ போலீசோ சொன்னால் உடனே நம்ப முடியாமல் போவது இதனால்தான். பணம் போனதைவிட அந்த உறவு போனதே பெரிய துக்கம் என்று சொன்னவர்களை விட்டி தம் ஆராய்ச்சியில் சந்தித்திருக்கிறார். இரட்டை அடி என்று அதற்குப் பெயரும் வைத்தார். செத்துப்போன ஒருவருக்காக அழலாம், ஊரும் துக்கம் கேட்க வரும். இல்லாத ஒருவருக்காக அழுதால் ஊர் சிரிக்கும்.

முகமூடிக்குப் பின்னால்

மறைவு ஏமாறுகிறவரை மட்டும் மாற்றுவதில்லை. ஏமாற்றுகிறவனையும் மாற்றுகிறது. 1969-ல் பிலிப் ஜிம்பார்டோ என்ற பேராசிரியர் நடத்திய சோதனையில், சில பெண்களுக்குத் தலையை மூடும் அங்கி போட்டு, பெயர் சொல்லாமல் உட்கார வைத்தார். வேறு சிலருக்குச் சட்டையில் பெயர்ச் சீட்டு குத்தினார். எதிரில் உள்ளவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது, தலையை மூடியவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பொத்தானை அழுத்தினார்கள். அதிர்ச்சி நிஜமானது இல்லை, ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது.

காதல் மோசடிக்காரனுக்குத் திரைக்கு அந்தப்பக்கம் ஒரு கிழவரின் கை நடுங்குவது தெரியாது. அவனுக்குத் தெரிவது ஒரு பெயரும் ஒரு வங்கிக் கணக்கும்தான்.

தென்கிழக்கு ஆசியாவில் இப்போது இது தனி ஆள் வேலையாக இல்லை. மியான்மரிலும் கம்போடியாவிலும் வேலி போட்ட பெரிய வளாகங்களுக்குள் வரிசையாக ஆட்களை உட்கார வைத்து, எழுதிக் கொடுத்த வசனத்தைப் பார்த்துக் காதல் பேச வைக்கிறார்கள். மியான்மரில் குறைந்தது 1 லட்சத்து 20 ஆயிரம் பேரும், கம்போடியாவில் சுமார் 1 லட்சம் பேரும் இப்படி அடைத்து வைக்கப்பட்டு மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் தெரிவித்தது. முதலில் காதல், பிறகு 'இந்த முதலீட்டில் பணம் போடு, இரட்டிப்பாகும்' என்பது இவர்கள் பாணி. பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்று சீன மொழியில் இதற்குப் பெயர். அந்தப் பெயர் பாதிக்கப்பட்டவரை அவமானப்படுத்துகிறது, காதல் தூண்டில் என்று சொல்லுங்கள் என்று இன்டர்போல் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. நியாயமான கோரிக்கை.

இதில் தமிழர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடி பகுதியில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் இரண்டே நாளில் 549 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டனர். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, அடித்து, வேலை வாங்கினார்கள் என்பது திரும்பி வந்தவர்கள் பலர் சொன்ன கதை. ஆக, 'அன்பே' என்று எழுதும் கையே சில நேரம் கைதியின் கை. படத்தில் இருக்கும் அழகியும் ஒரு பாவமும் அறியாதவள். அவள் படத்தை யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருப்பார்கள். எழுதியவன், படத்தில் உள்ளவள், பணம் வந்த வங்கிக் கணக்கின் சொந்தக்காரன் மூவரும் மூன்று ஊர். லாபம் சம்பாதிக்கும் நாலாவது ஆள் மட்டும் எங்கும் தெரிவதில்லை.

விசாரிக்க ஆள் இல்லை

ஒரு காலத்தில் மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்குப் பெண் கொடுக்க நினைத்தால், பெண்ணின் அப்பா திருநெல்வேலியிலிருந்து சயானில் இருக்கும் உறவுக்காரருக்கு ஓர் இன்லண்ட் கடிதம் போடுவார். உறவுக்காரர் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போவார். பையன் சாப்பிடும் மெஸ்ஸில் ஒரு காபி குடித்துக்கொண்டே நாலு வார்த்தை விசாரிப்பார். பக்கத்து அறைக்காரரிடம், முடிந்தால் ஆபீஸ் பியூனிடமும் பேசிவிட்டு, பதில் எழுதுவார். இந்த விசாரணையில் வம்பும் இருந்தது, ஜாதிக் கணக்கும் இருந்தது, நல்ல பையன்கள் பெயர் கெட்டதும் உண்டு. அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பையன் என்று ஒருவன் இருக்கிறானா என்ற கேள்விக்காவது அதில் பதில் கிடைத்தது.

இப்போது விசாரிக்க வேண்டிய சித்தப்பாவே வாட்ஸ்அப்பில் இருக்கிறார். பிள்ளைகள் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்க, செம்பூரிலும் முலுண்டிலும் தனியே இருக்கும் பெரியவர்களுக்குச் செல்போன்தான் பேச்சுத்துணை. கணவனை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள், நாற்பது தாண்டியும் வரன் அமையாதவர்கள் இரண்டாவது வாழ்க்கை பற்றி வீட்டில் வாய் திறந்து பேச முடிகிறதா? முடியாது. ரகசியமாகத் தேடுகிறார்கள். ரகசியமாகத் தேடுகிறவரை ரகசியமாகவே ஏமாற்றுவது எளிது. 'நம் விஷயத்தை இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே' என்று மோசடிக்காரன் கேட்கும்போது, அது சந்தேகத்துக்கு உரியதாகத் தெரிவதில்லை. ஏற்கனவே அப்படித்தானே இருக்கிறது.

ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு ராத்திரி படுத்துப் போகும் பெர்த்துக்கு, டிக்கெட்டில் பெயர் உள்ளவர்களில் ஒருவராவது அசல் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற விதி 2012 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. காட்டாவிட்டால் டி.டி.இ. அபராதம் போடுவார். வாழ்க்கைத் துணை என்று சொல்லிக்கொண்டு பேஸ்புக்கில் வருகிறவரிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. திருமணத் தகவல் இணையதளங்கள் பதிவு செய்கிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2016 ஜூனில் அறிவுரை வெளியிட்டது. ஆனால் அறிமுகம் அங்கே நடந்தாலும் பேச்சு இரண்டாம் நாளே வாட்ஸ்அப்புக்கு மாறிவிடும். மாற்றச் சொல்லி அவசரப்படுத்துகிறவன் யார் என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீசார் 27 பேரைக் கைது செய்தனர். செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தையும் குரலையும் மாற்றி, வீடியோவிலேயே அழகிகளாகத் தோன்றி, சுமார் 4 கோடியே 60 லட்சம் டாலர் சுருட்டியதாகக் குற்றச்சாட்டு. ஏமாந்தவர்களில் இந்தியர்களும் இருந்தனர். முகத்தைப் பார்த்தால் போதும் என்ற பழைய நம்பிக்கையும் போய்விட்டது.

பார்சல் வருகிறது

நம் நாட்டில் அதிகம் நடக்கும் நாடகம் பரிசுப் பார்சல். காதலன் லண்டன் டாக்டர், அல்லது கடலில் எண்ணெய்க் கிணற்று இன்ஜினீயர், அல்லது வெளிநாட்டில் பணிபுரியும் அமெரிக்க ராணுவ அதிகாரி. நேரில் வர முடியாததற்கு மூன்று உத்தியோகத்திலும் காரணம் தயார். நகையும் பவுண்டு நோட்டும் பார்சலில் வருவதாகச் சொல்வான். நாலு நாளில் டில்லி விமான நிலையச் சுங்க இலாகாவிலிருந்து பேசுவதாக ஒரு பெண் குரல். சுங்கவரி 35 ஆயிரம் கட்டுங்கள் என்பாள். கட்டினால் அடுத்து அபராதம், அடுத்து அன்னியச் செலாவணிச் சான்றிதழ் என்று தொகை ஏறிக்கொண்டே போகும். முன்னால் கட்டியது வீணாகக் கூடாதே என்று பின்னால் கட்டுவார்கள். சுங்க இலாகா தனி ஆள் கணக்கில் வரி வசூலிப்பதே இல்லை. 2019 நவம்பர் 8 முதல் அதன் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், அதைச் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இந்த இரண்டு விவரம் தெரிந்தால் இந்த நாடகம் இரண்டாம் காட்சியோடு முடியும்.

இன்னொரு வகை அவசர மிரட்டல். வீடியோ அழைப்பில் ஆபாசமாகப் பேச வைத்துப் பதிவு செய்து, உறவினர்களுக்கு அனுப்பிவிடுவதாகப் பணம் கேட்பது. அதில் காதல் பேச்சுக்குக் கூட நேரம் கிடையாது.

புகார் கொடுக்கும் வாசல்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு, கம்ப்யூட்டர் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. சட்டம் இருக்கிறது. கையில் அகப்பட வேண்டிய ஆள்தான் இல்லை. சிம் கார்டு ஒருவர் பெயரில், வங்கிக் கணக்கு இன்னொருவர் பெயரில், பேசியவர் மூன்றாவது நாட்டில்.

அகப்படக் கூடியது பணம் ஒன்றே, அதுவும் சில மணி நேரம்தான். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கிகள் மூலம் முடக்க வழி இருக்கிறது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி வெளியே எடுக்கப்பட்ட பிறகு புகார் கொடுத்தால் எண்ணும் தேதியும்தான் மிஞ்சும். மற்ற மோசடிகளில் ஏமாந்தவர் அரைமணியில் விழித்துக்கொள்கிறார். காதல் மோசடியில் விழிப்பு வரவே ஆறு மாதம், விழித்த பிறகு வெட்கம் விலக இன்னும் ஒரு மாதம். வங்கியும் கைவிரிக்கும். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்கு நஷ்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி செய்தது. இங்கே பணத்தை அனுப்பியவர் அவரே. விதி இவருக்கு உதவாது.

ஸ்டேஷனில் புகார் எழுதும்போது பக்கத்தில் நிற்கிறவர் சிரித்தால், அடுத்த ஆள் வாசலோடு திரும்பிவிடுவார். 'இத்தனை அனுப்பினீர்களா?' என்று கேட்பதற்குப் பதில் 'கடைசியாக எப்போது அனுப்பினீர்கள்?' என்று கேட்கும் அதிகாரி பணத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வீட்டாருக்கும் அதே கேள்வி பொருந்தும்.

விட்டி வகுத்த கட்டங்களில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு, மறுபடியும் ஏமாற்றுவது. குட்டு வெளிப்பட்ட சில வாரங்களில் ஒரு போன் வரும். பேசுகிறவர் தன்னைச் சைபர் போலீஸ் என்பார், வக்கீல் என்பார், அல்லது பிடிபட்ட கும்பலிடமிருந்து பணத்தை மீட்டுத் தரும் கம்பெனி என்பார். இழந்த தொகை, தேதி, 'காதலி'யின் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார். சொல்லாமல் என்ன, அவரிடம்தானே கணக்கு இருக்கிறது! தொகையைத் திருப்பித் தரப் பதிவுக் கட்டணம் மட்டும் முன்பணமாகக் கேட்பார்.